பழைய சுவிட்சா, புதிய சுவிட்சா? மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்முனையில் ஒரு தனியார் மருத்துவ நிலையம், காத்தான்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடை, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல். நெட்வொர்க் சுவிட்ச் (கணினி, கெமரா எல்லாவற்றையும் கேபிளால் ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) வாங்கும் பேச்சு வந்தால் மூன்று இடத்திலும் கேள்வி ஒன்றுதான். பெரிய நிறுவனங்கள் கழற்றிப்போட்ட சிஸ்கோ சுவிட்ச் பாவித்த விலைக்குக் கிடைக்கிறதே, அதை எடுப்பதா? இல்லை, காசைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை வாங்குவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி, கெமரா, தொலைபேசி எல்லாம் நேரே செருகப்படும் எக்சஸ் சுவிட்சுக்கு நல்ல பழையது போதும். ஆனால் அதே மாதிரி இன்னொன்று அலமாரியில் தயாராக இருக்க வேண்டும். எல்லா சுவிட்சும் வந்து சேரும் கோர் சுவிட்ச் மட்டும், உற்பத்தியாளர் இன்றைக்கும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிற மாடலாக இருக்க வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். கொழும்பில் இருப்பவருக்குச் சொல்லும் ஆலோசனையை நம் பக்கத்துக்கு அப்படியே எடுக்க முடியாததற்குக் காரணங்கள் உண்டு. உப்புக் காற்று, இடி மின்னல், கரண்ட் கட், மாரியில் மூடப்படும் வீதி ஆகியவை அவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்தப் போர்ட்டில் என்ன வேலை என்று எழுதுங்கள்

கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். எத்தனை கணினி, எத்தனை கெமரா, எத்தனை வைஃபை பெட்டி, எத்தனை மேசைத் தொலைபேசி, எத்தனை பிரிண்டர் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வேகம் வேண்டும், கேபிள் வழியாக மின்சாரம் வேண்டுமா என்று குறியுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் வாங்கப் போனால் விற்பவர் சொல்வதுதான் உங்கள் தேவையாகிவிடும்.

வேகத்தைப் பற்றி நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஒரு சாதாரண கண்காணிப்புக் கெமரா 4 மெகாபிட் அளவில் ஓடினால், 16 கெமராவும் சேர்ந்து 64 மெகாபிட்தான். ஒவ்வொரு கெமராவுக்கும் 100 மெகாபிட் போர்ட் தாராளம். மேலே போகும் இணைப்பு கிகாபிட்டாக இருந்தால் போதும். கெமராக்களுக்கு மட்டும் என்றால் பதினைந்து வருடப் பழைய 100 மெகாபிட் பிஓஇ (கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும்) சுவிட்ச்கூட இன்றைக்கும் வேலையைச் சரியாகச் செய்யும்.

உள்ளுக்குள் கோப்புகள் ஓடும் இடத்தில் கதை வேறு. ஒரு கிகாபைட் அளவுள்ள ஸ்கேன் படத் தொகுப்பு 100 மெகாபிட் போர்ட்டில் போக 80 வினாடிக்கு மேல் ஆகும். கிகாபிட்டில் எட்டு, ஒன்பது வினாடி. வைத்தியரும் நோயாளியும் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது. மருத்துவ நிலையம், கணக்காளர் அலுவலகம், வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோ ஆகியவற்றுக்குக் கிகாபிட்டுக்குக் குறைவாக எதையும் வாங்காதீர்கள்.

2.5 கிகாபிட், 5 கிகாபிட் போர்ட் உள்ள சுவிட்சுகளை இப்போது விற்பனையாளர்கள் முன்னால் தள்ளுகிறார்கள். 2016 இல் வந்த 802.3பிஇசட் தரம் அது. பழைய கேட்5ஈ கேபிளிலேயே 2.5 கிகாபிட் ஓட்டும் என்பது உண்மையில் நல்ல விஷயம். ஆனால் உங்கள் இணைய இணைப்பு 100, 300 மெகாபிட் என்றால் வைஃபை பெட்டிக்கு ஒரு கிகாபிட்டே மிச்சம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: மாடல் பெயரை வாசிக்கப் பழகுங்கள்

பாவித்த சந்தையில் '2960' என்ற சிஸ்கோ மாடல் எண் ஒன்றே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. வெறும் 2960 பெரும்பாலும் 100 மெகாபிட். 2960-ஜி கிகாபிட். 2960-எஸ் கிகாபிட், 2960-எக்ஸும் கிகாபிட். ஆனால் 2960-பிளஸ், பெயரைக் கேட்டால் புதியதுபோலத் தெரிந்தாலும், 100 மெகாபிட் போர்ட்தான். பிளஸ் என்று போட்டிருக்கிறதே என்று எக்ஸ் விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. 2960எக்ஸ்-48ரிஎஸ்-எல் என்றால் 48 போர்ட், பிஓஇ இல்லை, மேலிணைப்புக்கு (வேறு சுவிட்சோடு இணைக்க) ஒரு கிகாபிட் எஸ்எஃப்பி (ஃபைபர் தொகுதி செருகும் துவாரம்) நான்கு. அதே இடத்தில் ரிடி என்று இருந்தால் 10 கிகாபிட் மேலிணைப்பு இரண்டு. 48எல்பிஎஸ் என்றால் 370 வாட் பிஓஇ, 48எஃப்பிஎஸ் என்றால் 740 வாட். கடைசியில் எல்எல் என்று இரண்டு எல் வந்தால் அது வசதிகள் குறைக்கப்பட்ட லேன் லைட் வகை. விலை மலிவாகச் சொல்லப்படும் பெட்டிகளில் இது அடிக்கடி இருக்கும்.

சிஸ்கோவின் புதிய கேட்டலிஸ்ட் 9200எல் வரிசையில் 4ஜி என்றால் ஒரு கிகாபிட் மேலிணைப்பு நான்கு, 4எக்ஸ் என்றால் 10 கிகாபிட் நான்கு. கைத்தொலைபேசி 4ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சின்ன வேலை. சிஸ்கோ பெட்டியின் சீரியல் எண்ணில் முதல் மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களோடு 1996ஐக் கூட்டுங்கள். அது தயாரித்த வருடம். அடுத்த இரண்டு இலக்கம் வாரம். எஃப்ஓசி1843 என்று தொடங்கினால் 2014 ஆம் வருடம் 43 ஆவது வாரம். 'இரண்டு வருடம்தான் பாவித்தது' என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

மூன்றாம் படி: பிஓஇ கணக்கு

நம் பக்கத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறார்கள், வாட்டைப் பார்ப்பதில்லை.

2003 இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். கேபிளில் இழப்புப் போக, மறுமுனையில் 12.95 வாட்டுக்குத்தான் உறுதி. பிஓஇ பிளஸ் என்று சொல்லும் 802.3ஏரி 2009 இல் வந்தது: 30 வாட், மறுமுனையில் 25.5. 2018 இல் வந்த 802.3பிரி 60, 90 வாட் வரை போகும். இன்றைய வைஃபை 6 பெட்டிகளில் நிறையவற்றுக்குப் பிஓஇ பிளஸ் வேண்டும். 15.4 வாட் மட்டும் தரும் பழைய சுவிட்சில் செருகினால் சில பெட்டிகள் எழும்பாது. சில பெட்டிகள் எழும்பி, ரேடியோ ஒன்றை அணைத்துவிட்டு அரைகுறையாக ஓடும். 'வைஃபை ஸ்லோ' என்று இணைய நிறுவனத்துக்கு அழைப்பெடுத்துக்கொண்டிருப்பீர்கள், குறை சுவிட்சில் இருக்கும்.

ஒரு ஹோட்டல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வைஃபை பெட்டி 8, கெமரா 16, தொலைபேசி 12. மொத்தம் 36 போர்ட். 48 போர்ட் சுவிட்சில் இடம் இருக்கிறது. ஆனால் சுவிட்ச், கருவி தன்னை எந்த வகுப்பு என்று அறிவிக்கிறதோ அதன் உச்ச வாட்டை ஒதுக்கிவைக்கும். வைஃபை பெட்டி நான்காம் வகுப்பு, 30 வாட்: 240. கெமரா மூன்றாம் வகுப்பு, 15.4 வாட்: 246.4. தொலைபேசி இரண்டாம் வகுப்பு, 7 வாட்: 84. கூட்டினால் 570.4 வாட். 370 வாட் பெட்டியில் இது அடங்காது. கடைசியாகச் செருகியவற்றுக்கு மின்சாரம் மறுக்கப்படும். கரண்ட் போய்வந்தபின் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும்போது எந்தக் கருவி வெளியே நிற்கும் என்று சொல்லவும் முடியாது.

வழி இருக்கிறது. கெமரா உண்மையில் 6, 7 வாட்தான் இழுக்கிறது என்று அளந்து தெரிந்தால், அந்தப் போர்ட்டுகளுக்கு உச்ச வரம்பைக் கையால் குறைத்து வைக்கலாம். இரவில் கெமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அளவு கூடும் என்பதால் அளவை இருட்டிய பின் எடுங்கள். 'ஷோ பவர் இன்லைன்' கட்டளை ஒவ்வொரு போர்ட்டின் கணக்கையும் காட்டும். அல்லது 740 வாட் மாடலை எடுங்கள். கெமராக்களைத் தனியாக ஒரு பழைய பிஓஇ சுவிட்சுக்கு மாற்றிவிடுவது எனக்குப் பிடித்த வழி. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

யுபிகுவிட்டி, மைக்ரோடிக் பழைய கருவிகள் சில 24 வோல்ட் பாசிவ் முறையில் மின்சாரம் எடுப்பவை. தரப்படி அமைந்த பிஓஇ சுவிட்சில் அவை எழும்பாது. கையில் இருக்கும் கருவியின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நான்காம் படி: ஆதரவு முடியும் நாள்

சுவிட்ச் பழுதாகாமல் இருபது வருடம் ஓடலாம். ஆனால் அதன் மென்பொருளுக்குத் திருத்தம் வராத நாள் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். உற்பத்தியாளர் இணையத்தளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் விற்பனை முடிந்த நாள், பாதுகாப்புத் திருத்தம் நிற்கும் நாள், கடைசி ஆதரவு நாள் எல்லாம் பட்டியலாக வரும். கேட்டலிஸ்ட் 3750-எக்ஸுக்குக் கடைசி ஆதரவு நாள் 2021 ஒக்டோபர் 31, அது முடிந்துவிட்டது. 2960-எக்ஸின் விற்பனை 2022 ஒக்டோபர் 31 இல் நின்றது. கடைசி ஆதரவு நாள் 2027 ஒக்டோபர் 31. பாதுகாப்புத் திருத்தம் அதற்கும் முன்னதாகவே நிற்கலாம் என்பதால் அந்த வரியைத் தனியாகப் பாருங்கள்.

'நம்ம ஊர் சுவிட்சை யார் வந்து ஹேக் பண்ணப் போறான்?' என்ற கேள்வி எப்போதும் வரும். ஆளைத் தேடி வருவதில்லை. இணையம் முழுவதையும் தானாகத் துழாவும் நிரல்கள் திறந்த கதவைத் தேடுகின்றன. சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் (புதிய சுவிட்சைத் தானாக அமைக்கும்) வசதியில் இருந்த ஓட்டை, பதிவு எண் சிவிஇ-2018-0171, 2018 மார்ச்சில் வெளியானது. அந்த வசதி பல பழைய சுவிட்சுகளில் தானாகவே திறந்திருக்கும். 4786 என்ற போர்ட் (கேபிள் செருகும் துவாரமல்ல, மென்பொருள் வாசலின் எண்) வழியாக, கடவுச்சொல் இல்லாமலே அமைப்புக் கோப்பை எடுத்துவிடலாம். திருத்தம் வந்து ஏழு வருடம் கழித்தும், 2025 ஆகஸ்டில், ஆதரவு முடிந்த கருவிகளில் இதே ஓட்டையை ரஷ்ய உளவுத்துறையினர் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. 2017 இல் வெளியான இன்னொரு ஓட்டை டெல்நெட் (குறியாக்கம் இல்லாமல் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் முறை) வழியாக 300க்கும் மேற்பட்ட சிஸ்கோ சுவிட்ச் மாடல்களைப் பாதித்தது.

இதனால் பழையதைத் தொடவே கூடாது என்பதில்லை. இணையத்திலிருந்து எட்டாத இடத்தில், நிர்வாக முகவரி தனி விலானில் (சுவிட்சுக்குள்ளேயே பிரித்துவைக்கும் தனி வலையமைப்பில்) பூட்டப்பட்டு, டெல்நெட்டும் இணையப் பக்க நிர்வாகமும் அணைக்கப்பட்டு இருக்கும் எக்சஸ் சுவிட்ச், திருத்தம் வராவிட்டாலும் ஓரளவு பாதுகாப்பாக வாழும். கோர் சுவிட்சுக்கு அந்த மறைவு கிடையாது. எல்லா விலானும் அதில் சந்திக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்டும் ரவுட்டிங் அதில் நடக்கிறது. அது கைமாறினால் நோயாளிப் பதிவும் போகும், சம்பளப் பட்டியலும் போகும்.

பழையதில் எஸ்எஸ்எச் (குறியாக்கத்தோடு தொலைவிலிருந்து நிர்வகிக்கும் முறை) இருக்கிறதா என்றும் பாருங்கள். மென்பொருள் கோப்பின் பெயரில் கே9 என்று இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் கிடையாது, டெல்நெட் மட்டும்தான். கே9 இருந்தாலும் மிகப் பழைய பதிப்புகள் பேசும் குறியாக்கத்தை இன்றைய மடிக்கணினி ஏற்காமல் இணைப்பைத் துண்டிக்கும். 2021 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 பழைய எஸ்எச்ஏ-1 கையொப்பத்தை இயல்பிலேயே அணைத்துவிட்டது. சுவிட்சில் புதிய பதிப்பைப் போட்டால் பெரும்பாலும் இது தீரும். புதிய பதிப்பே இல்லாத மாடல் என்றால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கரண்ட் பில், சூடு, உப்பு

ஒரு வாட் கருவி வருடம் முழுவதும் ஓடினால் 8.76 யூனிட். பழைய பெரிய சுவிட்ச் புதியதைவிட 60 வாட் கூட இழுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 526 யூனிட் அதிகம். உங்கள் பில்லில் இருக்கும் யூனிட் விலையால் பெருக்குங்கள். வியாபாரக் கட்டணம் என்றால் அந்தத் தொகையைப் பார்த்ததும் சிலர் மனதை மாற்றிக்கொள்வார்கள். அறைக்கு ஏசி போட்டிருந்தால் அந்தச் சூட்டை வெளியேற்றவும் கரண்ட் போகும். ஊகிக்க வேண்டாம், பிளக்கில் செருகும் வாட் மீட்டரை வாங்கி, வாங்கப்போகும் பெட்டியைப் போட்டு அளந்து பாருங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் மழைக்கும் காற்றுக்கும் கரண்ட் போவது நின்றுவிடவில்லை. இரண்டு விஷயம் இங்கே முக்கியம். ஒன்று, யுபிஎஸ் தாங்கும் நேரம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்றில் இருப்பது 84 வாட்-மணிதான். 100 வாட் சுமையில் அரை மணி நேரத்தைக்கூட நம்ப முடியாது. இரண்டு, திடீரென்று மின்சாரம் அறுந்தால் சுவிட்ச் அதை எப்படித் தாங்கும் என்பது. ஜூனிப்பர் இஎக்ஸ்2200 போன்றவற்றை முறைப்படி நிறுத்தச் சொல்லித்தான் உற்பத்தியாளரே அறிவுறுத்துகிறார்; திடீர்த் துண்டிப்பில் அதன் கோப்பமைப்பு கெடலாம். நல்ல யுபிஎஸ் இல்லாத இடத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். புதிய பெட்டிகள் எழும்பவும் சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால் யுபிஎஸ் செலவைச் சுவிட்ச் செலவோடு சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத மூலையில் தொங்கும் ரேக்குக்குள் என்ன வெப்பம் இருக்கும்? 2960-எக்ஸ் போன்றவை 45 பாகை வரைதான் அனுமதிக்கப்பட்டவை. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஏற்கெனவே பத்து வருடம் ஓடிய பவர் சப்ளை அந்த ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பழைய சுவிட்ச் போடுவதென்றால் ரேக்கை முதலில் நிழலான, காற்றோட்டமான சுவருக்கு மாற்றுங்கள்.

கடற்கரையை ஒட்டிய இடங்களில், கல்லடி, பாசிக்குடா, அறுகம்பைப் பக்கங்களில், விசிறி உள்ள சுவிட்ச் உப்புக் காற்றை இழுத்துத் தன் பலகையில் பூசிக்கொள்ளும். அங்கே விசிறியில்லாத மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். காலியான எஸ்எஃப்பி, கேபிள் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். மலிவான வேலை, பலன் பெரிது.

ஆறாம் படி: கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்

ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கும் ஊர் நம்முடையது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுத்திருந்தால், பக்கத்தில் மின்னல் விழுந்தாலே இரு முனையிலும் உள்ள போர்ட்டுகள் போகலாம். சிலவேளை முழுப் பெட்டியும் போகும். பழையது புதியது என்ற வித்தியாசம் மின்னலுக்குக் கிடையாது. ஆகவே எதை வாங்கினாலும் எஸ்எஃப்பி போர்ட் இருக்க வேண்டும், கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் போக வேண்டும். பாடசாலை, ஹோட்டல், அரிசி ஆலை என்று வளவு பெரிதான எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். ஒற்றைமுறை ஃபைபரும் எல்எக்ஸ் வகை எஸ்எஃப்பியும் 10 கிலோமீற்றர் வரை போகும். இன்றைக்குப் புதிதாக இழுப்பவர்கள் இதையே இழுக்க வேண்டும்.

சிஸ்கோவில் வேறு நிறுவன எஸ்எஃப்பி போட்டால் போர்ட் முடங்கலாம். 'சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-டிரான்ஸீவர்' என்ற கட்டளை பல மாடல்களில் அதைத் திறக்கும். வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட சுவிட்சிலேயே போட்டுப் பாருங்கள்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்வேலை செய்பவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் வாங்குவது வீண்.

ஏழாம் படி: அலமாரியில் ஒன்று

கொழும்பில் சுவிட்ச் பழுதானால் பம்பலப்பிட்டிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் இன்னொன்றோடு திரும்பலாம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகினால் பொலன்னறுவை வீதியே மூடப்படும். உத்தரவாதப் பத்திரத்தில் 'அடுத்த வேலைநாளில் மாற்றித் தருவோம்' என்று எழுதியிருக்கலாம். வெள்ளத்துக்கு அது தெரியாது.

பழைய சுவிட்சுகளின் உண்மையான பலம் இங்கேதான். ஒரு புதியதின் விலைக்கு ஒரே மாடலில் இரண்டு, மூன்று பழையது கிடைக்கும். ஒன்று ஓடட்டும், இன்னொன்று அதே மென்பொருள் பதிப்போடும் அதே அமைப்போடும் பிளாஸ்டிக் பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு அலமாரியில் இருக்கட்டும். ஒன்று விழுந்தால் கேபிள்களை மாற்றிச் செருக இருபது நிமிடம். வரவேற்பில் இருப்பவர்கூட, போர்ட் எண் எழுதிய ஸ்டிக்கரைப் பார்த்துச் செய்துவிடலாம். நானறிந்து நம் பகுதிக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் இல்லை. உதிரி வாங்காமல் பழையது ஒன்றை மட்டும் வாங்குவதற்கு நான் முற்றிலும் எதிர். அந்தக் காசுக்குச் சின்னதாக ஒரு புதியதை வாங்குவதே மேல்.

எட்டாம் படி: பாவித்ததைப் பரிசோதிப்பது

கொன்சோல் கேபிளும் (மடிக்கணினியைச் சுவிட்சின் நிர்வாகத் துவாரத்தோடு இணைப்பது) மடிக்கணினியும் கொண்டு போங்கள். விற்பவர் அதற்கு இடம் தராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கரண்ட் கொடுத்துத் தொடக்கச் செய்திகளை முழுவதும் வாசியுங்கள். சுய பரிசோதனையில் 'ஃபெயில்' என்று ஒரு வரி வந்தாலும் வேண்டாம். 'ஷோ வெர்ஷன்' காட்டும் மாடலும் சீரியலும் வெளியே ஒட்டிய ஸ்டிக்கரோடு பொருந்த வேண்டும். 'ஷோ என்வ் ஆல்' விசிறி, வெப்பம், பவர் சப்ளை நிலையைச் சொல்லும். பிறகு ஒரு சின்னக் கேபிளால் ஒவ்வொரு போர்ட்டையும் செருகிப் பாருங்கள். பிஓஇ மாடல் என்றால் ஒரு தொலைபேசியை ஒவ்வொரு போர்ட்டிலும் வைத்து எழுப்புங்கள். 48 போர்ட்டும் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் மின்னல் பட்ட பெட்டியில் நான்கு போர்ட் மட்டும் செத்திருக்கும், மற்றதெல்லாம் நன்றாக எரியும். கடைசியாகப் பெட்டியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கருகிய வாசனை உடனே தெரியும்.

போலிகளும் உண்டு. 2020 ஜூலையில் எஃப்-செக்யூர் நிறுவனம் போலி 2960-எக்ஸ் பெட்டிகள் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அவை சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. மென்பொருளைப் புதுப்பித்ததும் நின்றுபோயின, அதனால்தான் பிடிபட்டன. எனவே திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். குறைந்தது ஏழு நாள் மாற்றித் தரும் உறுதியைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

'லைஃப்டைம் வாரண்டி இருக்கு' என்று பாவித்த அரூபாவையோ சிஸ்கோவையோ விற்பவர் சொன்னால், அது முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். பாவித்த மெராக்கியில் (இணையக் கணக்கு வழியாக நிர்வகிக்கும் சிஸ்கோ வகை) இன்னொரு சிக்கல்: முன்னைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்திருக்காவிட்டால் உங்கள் கணக்கில் சேராது.

ஒன்பதாம் படி: புதியது என்றால் கேட்க வேண்டியவை

கொட்டேஷன் கேட்கும்போது பெட்டி விலையோடு லைசென்ஸ் விலையையும் தனி வரியில் போடச் சொல்லுங்கள். முடிந்தபின் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். 2017 இல் தொடங்கிய கேட்டலிஸ்ட் 9000 வரிசையில் சந்தா சேர்த்து விற்பது வழக்கம். சந்தா முடிந்தாலும் நெட்வொர்க் எசென்ஷியல்ஸ் என்ற அடிப்படை லைசென்ஸ் நிரந்தரமானது, சுவிட்ச் தொடர்ந்து ஓடும். மெராக்கி அப்படியல்ல, அது லைசென்ஸை நம்பியே வாழ்வது. புதுப்பிக்காமல் விட்டால் வலையமைப்பே நின்றுபோகலாம். டொலர் விலை ஏறும் ஒரு வருடத்தில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நான் சொல்லத் தேவையில்லை. சின்ன நிறுவனங்களுக்கு மெராக்கி வேண்டாம் என்பதே என் கருத்து. அரூபா சிஎக்ஸ் 6000, 6100 வரிசைகளில் அடிப்படை வேலைக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை.

பெரிய பிராண்டின் பழையதா, சின்ன பிராண்டின் புதியதா என்பதுதான் பலருக்கு உண்மையான தெரிவு. மைக்ரோடிக் சிஆர்எஸ்326 போன்ற ஒன்றில் 24 கிகாபிட் போர்ட்டும் 10 கிகாபிட் மேலிணைப்பு இரண்டும் இருக்கும்; மென்பொருள் இலவசமாக, தொடர்ந்து வரும். டிபி-லிங்க் ஓமாடாவும் யுபிகுவிட்டியும் வைஃபையோடு சேர்த்து ஒரே திரையில் நிர்வகிக்க வசதி. இருபது, முப்பது பேர் வேலைசெய்யும் இடத்தின் கோர் சுவிட்சாக, ஆதரவு முடிந்த 3750ஐவிட இவற்றில் ஒன்றை நான் தயங்காமல் போடுவேன். ஆனால் அதை அமைக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்க வேண்டும். கல்முனையில் மைக்ரோடிக் தெரிந்தவர் ஒருவர் கிடைத்து, அரூபா தெரிந்தவர் கொழும்பில்தான் என்றால், மைக்ரோடிக்கையே எடுங்கள்.

இனி உதாரணத்துக்கு. மட்டக்களப்பில் ஒரு தனியார் வகுப்பு நிலையம், இருபது கணினி, ஓர் இணைய இணைப்பு என்றால் பாவித்த 2960-எக்ஸ் இரண்டு, ஒன்று ஓட, ஒன்று உதிரி. அவ்வளவுதான். கல்முனை மருத்துவ நிலையத்துக்கு ஆதரவுள்ள புதிய கோர் ஒன்றும், எக்சஸுக்கு ஒரே மாடலில் பாவித்த மூன்றும் (அதில் ஒன்று உதிரி) சரியாக வரும். பாசிக்குடா ஹோட்டலுக்கு உப்பையும் பிஓஇ சுமையையும் நினைத்து நான் முழுவதும் புதியதையே சொல்வேன். வேலையைச் சீசன் தொடங்கும் ஏப்ரலுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

பத்தாம் படி: பொருத்துவது

பாவித்த சுவிட்சை ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் அப்படியே செருகாதீர்கள். விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே தானாகப் பரப்பும் விரிபி என்ற வசதியில் ஒரே டொமைன் பெயரும் உயர்ந்த திருத்த எண்ணும் அந்தப் பழைய பெட்டியில் இருந்தால், உங்கள் சுவிட்சுகளில் உள்ள விலான் பட்டியல் முழுவதையும் அது தன்னுடையதால் மாற்றிவிடும். 'ரைட் இரேஸ்' மட்டும் போதாது, ஃபிளாஷில் இருக்கும் விலான் டேட்டா கோப்பைத் தனியாக அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். விரிபியை டிரான்ஸ்பேரண்ட் நிலையில் வையுங்கள்.

அப்புறம் 'நோ விஸ்டாக்' கட்டளையால் ஸ்மார்ட் இன்ஸ்டாலை மூடுங்கள். மிகப் பழைய சில பதிப்புகளில் அந்தக் கட்டளையே இல்லை. அங்கே 4786 போர்ட்டை அணுகல் பட்டியலால் தடுக்க வேண்டும். டெல்நெட், எச்ரிரிபி இரண்டையும் அணைத்து எஸ்எஸ்எச் மட்டும் வையுங்கள். நிர்வாக முகவரி விருந்தினர் வைஃபையிலிருந்து எட்டக் கூடாது. மேசைப் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட், பிபிடியு கார்ட் (BPDU Guard) என்ற இரண்டு அமைப்புகளையும் போட்டால், யாரோ ஒரு கேபிளின் இரு முனையையும் சுவரில் செருகி முழு அலுவலகத்தையும் நிறுத்துவது நடக்காது.

3650, 3850 சுவிட்சுகளின் 48 போர்ட் மாடல் கிடைத்தால் முதலாம் போர்ட்டில் ரப்பர் உறை போட்ட கேபிளைச் செருக வேண்டாம். அந்த உறை மேலே உள்ள மோட் பொத்தானை அழுத்தி, அமைப்பை அழித்துவிடும் என்று 2013 இலேயே சிஸ்கோ அறிவித்தது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அமைப்புக் கோப்பைச் சேமித்து, உதிரி சுவிட்சிலும் அதையே ஏற்றுங்கள். ஒரு பிரதியை யுஎஸ்பியில் போட்டு ரேக்குக்கு வெளியே வையுங்கள். அதன்பின் எல்லோரும் வீட்டுக்குப் போன ஒரு பின்னேரம், யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பற்றரி தீர்ந்து எல்லாம் அணையும்வரை விடுங்கள். எத்தனை நிமிடம் தாங்கியது என்று குறியுங்கள். திரும்ப கரண்ட் கொடுத்து, கடைசிக் கெமராவும் கடைசித் தொலைபேசியும் யாரும் தொடாமல் தானாக எழும்புகின்றனவா என்று பாருங்கள். எழும்பாத கருவி இருந்தால் மூன்றாம் படியின் பிஓஇ கணக்குக்கே திரும்பிப் போக வேண்டும்.